போனவர் எழுதியது, போகாதவர் படியெடுத்தது

இடக்கொச்சியில் பஸ் ஏறினால் பள்ளுருத்தி, தோப்பும்படி தாண்டி மட்டாஞ்சேரி வந்துவிடும். யூதத் தெருவின் கோடியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயம் நிற்கிறது. அதன் தரையில் பதித்திருப்பவை நீலமும் வெள்ளையுமான சீனப் பீங்கான் ஓடுகள். டச்சுக் கம்பெனியோடு வியாபாரம் செய்த எசக்கியேல் ரஹாபி 1762-ல் சீனாவின் காண்டன் நகரிலிருந்து வரவழைத்தவை என்பார்கள். கையில் கைடு புத்தகத்தோடு வருகிறவர்கள் நிமிர்ந்து தொங்கு விளக்குகளைப் பார்ப்பதற்கு முன் குனிந்து தரையைத்தான் பார்க்கிறார்கள். ஒரு ஓட்டைப் போல இன்னொரு ஓடு கிடையாது என்று அவர்கள் படித்திருக்கிறார்கள். பொறுமையாகப் பார்த்தால் சில வடிவங்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். கையால் தீட்டியவை என்பதால் தூரிகை இழுப்பு மட்டும் ஓட்டுக்கு ஓடு மாறும். யாரோ ஒருவர் ஆர்வத்தில் எழுதினார், அடுத்தவர் குனிந்து பார்க்காமலே அதை எடுத்து எழுதினார், பிறகு அதுவே வரலாறாகிவிட்டது.

கைடு புத்தகம் என்ற பொருளின் வாழ்க்கைக் கதையே ஏறக்குறைய இதுதான். ஓர் ஊருக்குப் போய்வந்தவர் எழுதுவார், போகாதவர் படியெடுப்பார், மூன்றாவதாக ஒருவர் அதை நம்பி மூட்டை கட்டுவார். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே நேரடி விமானங்கள் ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் 2025 அக்டோபரில் மறுபடி பறக்கத் தொடங்கிவிட்டன. பெய்ஜிங்குக்கோ ஷாங்காய்க்கோ போகிறவர் எந்தப் புத்தகத்தை வாங்குவது என்ற கேள்வியும் கூடவே திரும்பி வந்திருக்கிறது. அதற்கு விடை சொல்லுமுன் இந்தப் புத்தகம் எங்கெங்கே சுற்றிவிட்டு நம் கைக்கு வந்தது என்று பார்த்துவிடலாம். வழியில் கொச்சி பலமுறை வரும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து கிளம்பிய ஒரு கிரேக்க வியாபாரி, செங்கடல் முதல் இந்தியக் கடற்கரை வரை உள்ள துறைமுகங்களை வரிசையாக எழுதிவைத்தார். அதற்கு எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ் என்று பெயர். எந்தத் துறையில் எந்தச் சரக்கு கிடைக்கும், எதைக் கொண்டுபோனால் விலைபோகும், எந்த மாதம் கப்பல் விட வேண்டும் என்பதுதான் அதன் விஷயம். கொச்சிக்கு வடக்கே பெரியாற்று முகத்தில் இருந்த முசிறி அதில் மிளகோடு வருகிறது. நூலின் கடைசிப் பக்கங்களில், வெகு தொலைவில், உள்நாட்டுக்குள் 'தினா' என்று ஒரு மிகப் பெரிய நகரம் இருப்பதாகவும், பட்டு அங்கிருந்து வருவதாகவும், அங்கே போய்ச் சேருவது எளிதல்ல என்றும் ஒரு குறிப்பு வருகிறது. சீனத்தின் பெருநகரம் ஒன்றும் கேரளக் கரையும் ஒரே கையேட்டில் இடம்பெற்றது அப்போதே நடந்துவிட்டது. முசிறிப் பகுதியில் விவரம் கொட்டிக் கிடக்கிறது, தினாவுக்கு வந்ததும் மங்கிப்போகிறது. ஆசிரியர் எதுவரை போனார், எதைக் காதால் கேட்டார் என்பதை இந்த வித்தியாசமே காட்டிக்கொடுக்கிறது.

தமிழில் அதே வேலையைப் புலவர்கள் பாட்டாகச் செய்தார்கள். ஆற்றுப்படை என்ற வகையின் அமைப்பே கையேட்டின் அமைப்புதான். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, வறுமையோடு எதிரே வரும் இன்னொருவனை நிறுத்தி, இன்ன வழியாகப் போ, இன்னாரைப் பார் என்கிறான். பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து நூல்கள், இந்த வகை. சிறுபாணாற்றுப்படை சேர, பாண்டிய, சோழத் தலைநகரங்களான வஞ்சி, மதுரை, உறந்தை மூன்றையும் சுற்றிக்காட்டிவிட்டு, எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும், ஆமூரில் உழவர் வீட்டில் சோறும் நண்டும் கிடைக்கும் என்று சாப்பாட்டுப் பட்டியலே தருகிறது. செங்கண்மாத்து நன்னனிடம் வழிகாட்டும் மலைபடுகடாம், பன்றிக்குத் தோண்டிய குழி, பாம்பு, வழுக்கும் பாறை, தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல் என்று எச்சரிக்கைகளை அடுக்குகிறது. வழி, சோறு, ஆபத்து, யாரைப் பார்ப்பது என்ற நான்கு தலைப்புகளையும் இன்றைய எந்தக் கையேடும் தாண்டிவிடவில்லை.

சீனர்கள் இதே காரியத்தை மடத்திலிருந்து தொடங்கினார்கள். யுவான் சுவாங் என்ற பௌத்தத் துறவி பதினாறு ஆண்டுக்கு மேல் பயணம் செய்து, காஞ்சிபுரம் வரை வந்து, 645-ல் ஊர் திரும்பினார். மறு ஆண்டே பேரரசருக்கு ஒரு நூலைக் கொடுத்தார். நாட்டுக்கு நாடு எத்தனை லீ தொலைவு, எந்தத் திசை, எத்தனை விகாரைகள் என்று கணக்கு தவறாமல் எழுதிய நூல் அது. 1857-58-ல் அது பிரெஞ்சில் வெளிவந்தது. இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைவரான அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1860-களில் அந்தக் கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு நாலந்தாவையும் ஸ்ராவஸ்தியையும் அடையாளம் கண்டார். ஆயிரத்து இருநூறு ஆண்டு பழைய பதிப்பை வைத்து ஊர் தேடியவர் உலகில் அவரைத் தவிர அதிகம் பேர் இருக்க முடியாது. ஊரே மண்ணுக்குள் போயிருந்ததால் மட்டுமே அது சாத்தியமாயிற்று. உயிரோடிருக்கும் ஊருக்குப் பழைய பதிப்பு உதவாது.

பெருநகரைச் சுற்றிப்பார்க்க அச்சடித்த தாளை விலைக்கு விற்கும் வழக்கம் சீனாவிலேயே பிறந்துவிட்டது. தென் சோங் அரசின் தலைநகரம் லின்னான், இன்றைய ஹாங்சோ. அங்கே போகும் சாலையில் வெள்ளைக் கோபுரப் பாலம் என்ற இடத்தில், தலைநகருக்கு எந்தத் தங்குமிடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் வரைபடத்தை அச்சடித்து விற்றார்கள். ஊருக்கு வரும் அதிகாரிகள் எல்லோரும் அதை வாங்கினார்கள். வட சீனத்தை அப்போது எதிரிகளிடம் பறிகொடுத்திருந்த காலம். லின்னானுக்கு வழி சொல்லும் தாள், இழந்த நாட்டுக்கு எவ்வளவு தூரம் என்று ஏன் சொல்லவில்லை என்று யாரோ ஒருவர் கேலியாக ஒரு பாட்டு எழுதிவைத்தாராம். சுற்றுலா வரைபடத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று கோபித்துக்கொண்ட முதல் வாசகர் அவராகத்தான் இருக்கும்.

அதே சோங் காலத்தில்தான் போகாமலே எழுதும் கலையும் உச்சத்துக்குப் போனது. சுவான்சோ துறைமுகத்தில் கடல் வணிக அதிகாரியாக இருந்த சாவ் ருகுவா, 1225-ல் அயல்நாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மலபாரும் சோழ நாடும் அதில் உண்டு. அவர் கப்பலேறி எங்கும் போகவில்லை. துறைமுகத்துக்கு வந்த வியாபாரிகளைக் கேட்டார், போதாததற்கு 1178-ல் சோ சூஃபெய் எழுதிய நூலிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டார். ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் அவர் உட்கார்ந்திருந்த இடம் அப்படி. சில பத்தாண்டுகள் கழித்து, 1281-ல், அதே சுவான்சோவில் தமிழ் வணிகர்கள் ஒரு சிவன் கோயிலே எழுப்பினார்கள். அதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கோயில் மறைந்துவிட்டாலும், அதன் பாணியில் நரசிம்மரையும் கண்ணனையும் செதுக்கிய தூண்களை அங்குள்ள கையுவான் புத்தர் கோயிலில் இன்றும் பார்க்கலாம்.

அந்தக் காலத்தை ஒட்டித்தான் மார்க்கோ போலோ ஹாங்சோவைப் பார்த்தார். 1298-ல் ஜெனோவாச் சிறையில் இருந்தபடி, உடனிருந்த கதைக்காரர் ருஸ்டிக்கெல்லோவிடம் அதைச் சொல்லி எழுதவைத்தார். அவர் வாயில் அந்நகரம் 'கின்சாய்' ஆனது. அந்தப் பெயர் ஐரோப்பாவில் கைமாறிக் கைமாறிப் போய், 1492 அக்டோபரில் கரீபியன் தீவுகளுக்கு நடுவே நின்ற கொலம்பஸ், இனி கின்சாய்க்குப் போக வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதும் அளவுக்கு முற்றியது. அவருக்கு அடுத்து வந்த கரை கியூபா. ஒரு சீனப் பெருநகரத்துக்குப் புத்தகத்தை நம்பிப் போனவர்களில் இவ்வளவு தூரம் வழி தவறியவர் வேறு யாரும் இல்லை.

இனி எதிர்த்திசை. 1405 முதல் 1433 வரை தளபதி செங் ஹோவின் கப்பற்படை ஏழு முறை இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. சீனத்திலேயே செதுக்கி எடுத்துவந்து இலங்கையின் காலி நகரில் நட்ட 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் பேசுகிறது. அது இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1416-ல் யுங்லே பேரரசர் கொச்சி அரசருக்கு முத்திரையும், கொச்சியின் மலை ஒன்றுக்கு 'நாட்டைக் காக்கும் மலை' என்ற பட்டமும் அளித்தார். கொச்சியில் மலையைத் தேடுகிறவர்கள் இன்னும் தேடிக்கொண்டே இருக்கலாம்.

அந்தக் கப்பற்படையில் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவான் என்ற முஸ்லிம் எழுதியதுதான் சீனர்களுக்கான முதல் தரமான கொச்சிக் கையேடு. எழுதியது முன்பே என்றாலும் 1451-ல்தான் அது அச்சானது. அதைப் படிக்கும் கொச்சிக்காரர் சிரித்துவிடுவார். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் ஓரிரு மழை பெய்ததும் ஜனங்கள் வீட்டைச் செப்பனிட்டு உணவைச் சேர்த்துவைத்துக்கொள்கிறார்கள். ஐந்தாம் ஆறாம் மாதத்தில் இரவு பகல் விடாமல் கொட்டுகிறது, தெருவெல்லாம் ஆறாகிறது, ஆட்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து மழை விடக் காத்திருக்கிறார்கள். சீன மாதக் கணக்கில் அது நம் ஆனி, ஆடி. இடவப்பாதி மழையை அறுநூறு ஆண்டுக்கு முன் ஒருவர் நனைந்து எழுதியிருக்கிறார்.

மழையோடு அவர் நிற்கவில்லை. ஊரார் ஐந்து வகை என்கிறார். செட்டிகள் பணக்காரர்கள், கிளிங்கர்கள் தரகு பார்ப்பவர்கள். கடற்கரையில் வாழும் முக்குவர் வீட்டின் இறவாரம் மூன்று அடிக்கு மேல் உயரக் கூடாது, மேல்சாதிக்காரரோ செட்டியோ எதிரே வந்தால் தரையில் விழுந்து அவர் கடக்கும்வரை எழக் கூடாது என்று எழுதுகிறார். செட்டிகள் மிளகை வாங்கிக் கிடங்கில் சேர்த்துவைத்து, வெளிநாட்டுக் கப்பல் வந்ததும் விற்கிறார்கள். தங்கப் பணம் ஒன்றுக்குச் சிறு வெள்ளிக்காசு பதினைந்து என்று நாணய மாற்று விகிதம்கூட உண்டு. பக்கத்துக் கோழிக்கோட்டில் கணக்கர்கள் சீன மணிச்சட்டம் இல்லாமல் கைவிரல் கால்விரல் இருபதையும் வைத்தே பிசகில்லாமல் கணக்குப் போடுவதைப் பார்த்து வியக்கிறார். ஊர் அழகைப் பற்றி அவருக்கு அதிகம் சொல்ல இல்லை. அடுத்த கப்பலில் வருகிறவனுக்கு எது உதவும் என்பதிலேயே கண்ணாக இருக்கிறார்.

நல்ல சரக்குக்கு நகல் வராமல் இருக்குமா? உடன் வந்த குங் சென் 1434-ல் வெளியிட்ட நூல், ஏறக்குறைய மா ஹுவான் எழுதியதேதான். 1436-ல் ஃபெய் சின் எழுதிய நூலோ சுமார் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய வாங் தாயுவானின் குறிப்புகளைத் தாராளமாக அள்ளிக்கொண்டது. கொச்சிக் கரையில் தூக்கி இறக்கும் சீன வலைகளுக்கும் இதே கதி. குப்ளாய் கானின் ஆட்கள் கொண்டுவந்தார்கள் என்று ஒரு புத்தகம், செங் ஹோ கொண்டுவந்தார் என்று இன்னொன்று, மக்காவு நகரிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள் என்று மூன்றாவது. ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைப் பார்த்து எழுதியது.

கப்பற்படை நின்ற பிறகு சீன வியாபாரிகள் உள்நாட்டிலேயே சுற்றினார்கள். ஹுய்சோ வணிகரான ஹுவாங் பியன் 1570-ல் வெளியிட்ட வழித்தட நூலில் 144 பாதைகள் இருந்தன. பெய்ஜிங்கிலிருந்தும் நான்ஜிங்கிலிருந்தும் மாகாணங்களுக்கு எப்படிப் போவது, எங்கே திருடர் பயம், எந்தப் படகுக்காரன் ஏமாற்றுவான் என்றெல்லாம் அதில் உண்டு. அதைப் பார்த்து எழுதிய வியாபாரக் கையேடுகள் அடுத்த நூறு ஆண்டுகளுக்குச் சந்தையில் வந்துகொண்டே இருந்தன.

இப்போது நம் கையிலிருக்கும் வடிவத்தை, அதாவது நட்சத்திரக் குறி, விலை விவரம், பைக்குள் அடங்கும் அளவு ஆகியவற்றைக் கொடுத்தவர் யார் என்று தேடினால் கடலூருக்கு வந்து நிற்போம். அங்குள்ள புனித டேவிட் கோட்டையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணை ஆளுநராக இருந்தவர் ரிச்சர்ட் ஸ்டார்க். அவரையடுத்து 1756-ல் அந்தப் பதவிக்கு வந்தவர் ராபர்ட் கிளைவ். ஸ்டார்க்கின் மகள் மரியானா லண்டன் மேடைக்கு 'மலபார் விதவை' என்ற நாடகத்தை எழுதிவிட்டு, பிறகு இத்தாலியில் ஆண்டுக்கணக்கில் தங்கினார். அங்கே பார்க்க வேண்டிய ஓவியங்களுக்கு ஆச்சரியக்குறி போட்டு மதிப்பெண் கொடுத்தார். ரொம்ப நல்லது என்றால் குறிகள் கூடும். சலவைக்கூலி, கடவுச்சீட்டு, குதிரை வண்டி வாடகை எல்லாம் சேர்த்து அவர் எழுதிய நூலை 1820-ல் ஜான் மரே பதிப்பித்தார். அதே பதிப்பகத்தின் அடுத்த தலைமுறை 1836-ல் தன் பெயரிலேயே கையேட்டு வரிசையைத் தொடங்கியது. ஜெர்மனியில் கார்ல் பேடெக்கர், நொடித்துப்போன ஒரு பதிப்பகத்தை வாங்கியபோது கூடவே கிடைத்த ரைன் நதிப் புத்தகத்தை 1835-ல் திருத்தி வெளியிட்டார். பிறகு மரேயிடமிருந்து அமைப்பையும் சிவப்பு அட்டையையும் எடுத்துக்கொண்டார். ஆச்சரியக்குறி அவர் கையில் நட்சத்திரமானது. கடன் வாங்கியதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் பேடெக்கர் என்ற பெயர்தான் உலகத்துக்குக் கையேடு என்றே ஆகிவிட்டது.

மரேயின் இந்தியக் கையேட்டை எட்வர்ட் ஈஸ்ட்விக் 1859-ல் எழுதினார். முதல் பாகமே சென்னை மாகாணம். ரயில் பரவியதும் தமிழர்களும் அதைத் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொண்டார்கள். கோயம்புத்தூர் பத்திரிகையாளர் ச. ப. நரசிம்மலு நாயுடு 1889-ல் வெளியிட்ட 'ஆரியர் திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்', நீராவி வண்டியேறி வடநாடு பார்த்துவந்த தமிழர் ஒருவர் அடுத்துப் போகிறவர்களுக்காக எழுதியது. ஆற்றுப்படைக்கு இரும்புப் பாதை கிடைத்துவிட்டது என்று சொல்லலாம்.

சீன நகரங்களுக்கு ஆங்கிலக் கையேடு, அபினிப் போர்களின் பின்னால் வந்தது. பீரங்கி திறந்துவிட்ட துறைமுகங்களில் வியாபாரம் செய்ய வந்தவர்களுக்காக 1867-ல் சீன, ஜப்பானிய உடன்படிக்கைத் துறைமுகங்கள் பற்றி ஒரு பெரிய நூல் ஹாங்காங்கிலும் லண்டனிலும் வெளிவந்தது. 1913-ல் ஷாங்காயில் கார்ல் குரோ என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் சீனப் பயணக் கையேடு எழுதினார். பின்னர் அவர் அதே ஊரில் விளம்பர நிறுவனம் நடத்தி, 1937-ல் சீனர்களை 'நாற்பது கோடி வாடிக்கையாளர்கள்' என்று அழைத்துப் புத்தகம் போட்டார். கிரேக்க வியாபாரி தொடங்கிய இடத்துக்கே கையேடு திரும்பி வந்துவிட்டது. எழுதுகிறவரின் தொழில்தான் அவர் எதைப் பார்க்கிறார் என்பதை முடிவு செய்கிறது.

மாவோ காலத்தில் வெளியார் வரவே அரிது. 1967-ல் நாகெல் என்ற சுவிஸ் பதிப்பகம் வெளியிட்ட சீனக் கையேடு, போய்ப் பார்க்க முடியாதவர்கள் வீட்டில் வைத்துப் படிக்கும் கலைக்களஞ்சியமாகவே இருந்தது. நிலைமையை மாற்றியது ஒரு தேனிலவுப் பயணம். லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தரைவழியே போன டோனி வீலர், மொரீன் தம்பதி, வழியெல்லாம் எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டவர்களுக்காக 1973-ல் ஒரு சிறு புத்தகத்தைக் கையால் தைத்து விற்றார்கள். அதுதான் லோன்லி பிளானட். 1975-ல் தென்கிழக்கு ஆசியப் புத்தகத்தைச் சிங்கப்பூர் விடுதி ஒன்றில் உட்கார்ந்து எழுதினார்கள். 1981-ல் இந்தியா வந்தது, தனியாளாகப் பயணம் செய்யச் சீனம் அனுமதித்ததும் 1984-ல் சீனா வந்தது. வியட்நாம், கம்போடியத் தெருக்களில் சிறுவர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்து விற்றார்கள். 2006-ல் அதே கையேடுகள் பெய்ஜிங்கின் சான்லியன் பதிப்பகத்தோடு சேர்ந்து சீன மொழியிலேயே வெளிவரத் தொடங்கின. மா ஹுவானின் ஊர்க்காரர் ஒருவர் கொச்சிக்கு இன்று ஆஸ்திரேலியாவில் தொடங்கிய புத்தகத்தோடு வரலாம். 2008-ல் கொலம்பியக் கையேட்டுக்கு எழுதிய ஒருவர் தான் அந்த நாட்டுக்கே போகவில்லை என்று சொல்லிவைக்க, அவருக்குக் கொடுத்தது வரலாற்றுப் பகுதி மட்டுமே என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. சாவ் ருகுவா கேட்டிருந்தால் இதில் என்ன தப்பு என்றிருப்பார்.

செல்பேசி இருக்க இனிப் புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். சீனத்தில் கூகுள் வரைபடம் வழக்கம்போல் கிடைக்காது. அந்நாட்டுச் சட்டப்படி வரைபடங்கள் தனி ஆயத்தொலைவு முறையில் வரையப்படுவதால், வெளிநாட்டுச் செயலியில் உங்கள் இடத்தைக் காட்டும் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி நிற்கலாம். உள்ளூர்ச் செயலிகள் துல்லியமானவை, ஆனால் பெரும்பாலும் சீன எழுத்தில் பேசுபவை. ஆகவே அச்சுப் புத்தகத்துக்கு மிச்சமிருக்கும் நாடுகளில் சீனம் ஒன்று.

எதை வாங்குவது? முதலில் பதிப்பு ஆண்டு. ஷாங்காயில் மெட்ரோ ஓடத் தொடங்கியது 1993-ல், இன்று அதன் நீளம் 800 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய பதிப்பு உங்களைத் தேவையில்லாமல் டாக்சியில் ஏற்றிவிடும். கொச்சிக்கு 2022-ல் அச்சான புத்தகத்தில் வாட்டர் மெட்ரோ ஓடியிருக்காது, அதுபோலத்தான். இரண்டாவது, இடப்பெயர்கள் சீன எழுத்திலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டாக்சிக்காரரிடம் நீட்டிக் காட்ட அதுவே போதும். மூன்றாவது, ஒரே நகரம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அந்த நகரத்துக்கென்று எழுதிய மெலிந்த புத்தகமே மேல். நாடு முழுவதையும் சுமக்கும் தடித்த புத்தகத்தில் உங்கள் ஊருக்குக் கிடைப்பது சில பக்கம்தான்.

நான்காவது சோதனை நம்மவர்களுக்கானது. புத்தகத்தில் சுவான்சோ என்ற பக்கத்தைத் திறங்கள். 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் அது. தமிழ்க் கல்வெட்டையும் கையுவான் கோயில் தூண்களையும் அந்தப் பக்கம் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் எழுதியவர் அங்கே போய் நின்றிருக்கிறார், அல்லது போனவரை ஒழுங்காகக் கேட்டிருக்கிறார். சொல்லாவிட்டால், அந்தப் புத்தகம் எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.